ஆவாரம்பாளையத்தில் செய்த பிராக்கெட்

1

போன வருஷம் குளிர் தொடங்கும்போது என் சமையலறைத் தராசு காணாமல் போனது. கேக்குக்கு மாவும் சர்க்கரையும் நிறுக்கிற சின்னத் தராசு. அலமாரி அலமாரியாகத் தேடினேன். என் கணவர் எடுத்திருக்க வழியில்லை. சமையலறையில் அவருக்கு இடம் தெரிந்த ஒரே பொருள் காபி டம்ளர்தான். கடைசியில் ஏதோ வேலையாக கார் ஷெட்டுக்குள் போனபோது, தராசு அங்கே தரையில் இருந்தது. அதன்மேல் ஒரு கார் கதவின் கைப்பிடி. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான் என் மகன் கவின்.

"என்ன பண்றே கண்ணு?"

"இருநூறு கிராம், அம்மா," என்றான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இதுக்குப் பதிலா துணி நாடா மாட்டினா பத்து கிராம்தான்."

நாங்கள் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துக்காரர்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறோம். கணவர் ஒரு இன்ஜின் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறேன். கவின் எங்களுக்கு ஒரே பிள்ளை. கைக்குழந்தையாக இங்கே வந்தவன். படித்து முடித்து இப்போது வேலைக்குப் போகிறான். எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான் என்றாலும், வாடகைக்குக் குடியிருப்பவரைப் பார்ப்பதுபோல் படிக்கட்டில் பார்த்துக்கொள்வதோடு சரி. தமிழ் புரியும். பேசுவதென்றால் "பசிக்குது", "போதும்", "அப்பறம் சொல்றேன்" இந்த மூன்றுக்குள் நாளை ஓட்டிவிடுவான்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு என்னோடு அரைமணி நேரம் பேசினான். ஷெட்டில் நின்றது அவன் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பான்காரன் செய்தது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடித்துக்கொள்ளலாம். இன்ஜினைப் பெரிதாக்கிக் காரை வேகமாக்குவது ஒரு வழி. காரின் எடையைக் குறைப்பது இன்னொரு வழி. எடை குறைந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும், பிரேக் போட்ட இடத்தில் நிற்கும், டயர் தேயாது என்று ஒவ்வொன்றாக விளக்கினான். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிக்கும் தலையாட்டினேன். பேச்சு நின்றுவிடக்கூடாதே.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எடையைத் தவிர வேறு பேச்சில்லை. ஸ்டெப்னி டயர் போனது. தரைவிரிப்பு போனது. ரேடியோவும் ஸ்பீக்கரும் போயின. போனவற்றின் இடத்துக்குக் கம்பெனி செய்யாத, வெளியார் செய்து விற்கிற இலேசான பாகங்கள் பார்சல் பார்சலாக வந்து இறங்கின. பகலில் வீட்டில் இருக்கும் நாட்களில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். ஒரு நாள் வந்த பேட்டரியை நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பழைய பேட்டரியைத் தூக்க அப்பாவும் மகனும் சேர்ந்து குனிந்தார்கள். டிக்கி மூடி கார்பன் இழையில் வந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தால் காற்றுக்கு நகர்ந்தது.

"இவ்வளவு மெனக்கெடறதுக்கு, ஓட்டறவன் ரெண்டு வேளை சோத்தைக் குறைச்சா காசில்லாம குறையுமே," என்றார் என் கணவர்.

கவின் சிரித்தான். சாப்பாட்டு மேசையில் அவன் சிரித்து நாளாகியிருந்தது. அதனால்தான் தராசைத் திருப்பிக் கேட்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

2

இந்த நாட்டில் காரில் ஒரு பாகத்தை மாற்றினால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பாகம் அந்தக் காருக்குப் பொருந்தும் என்று இன்னொரு காகிதம். இரண்டையும் எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போய், அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு காரின் பதிவில் ஏற்ற வேண்டும். கழற்றின எடைக்கு ஈடாகக் காகிதம் சேர்ந்துவிட்டது என்று கணவர் சொல்வார்.

சிக்கல் சீட்டில் வந்தது. கம்பெனி சீட்டுக்குள் மோட்டாரும் இரும்பும் ஏகப்பட்ட கனம். ரேஸ்காரர்கள் போடும் ஆமை ஓடு மாதிரியான சீட் அதில் பாதிக் கனம்கூட இருக்காது. கவின் அப்படி ஒன்று வாங்கிவிட்டான். அதைக் காரின் தரையோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட் மட்டும் அந்தப் பழைய மாடலுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. ஜப்பானில்கூட நிறுத்திவிட்டார்களாம்.

"செல்வம் மாமாகிட்ட கேட்டா செஞ்சு கொடுக்க மாட்டாரா?" என்றேன். சும்மாதான் சொன்னேன். கவின் அன்றைக்கே டிக்கெட் பார்த்தான். கல்யாணத்துக்கும் வரமாட்டேன், திருவிழாவுக்கும் வரமாட்டேன் என்று வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்தவன், ஒரு பிராக்கெட்டுக்காகப் பொங்கலுக்கு என்னோடு கோயம்புத்தூர் வந்தான்.

செல்வம் என் தம்பி. ஆவாரம்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறான். பம்புக்கு வேண்டிய பாகங்கள் செய்வதுதான் பிழைப்பு. ஆனால் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ரேஸ் பைத்தியம் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். அவனுக்குப் பிடித்து, அவன் மகள் மதுமிதாவுக்கு அதைவிட மோசமாகப் பிடித்துவிட்டது. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். செட்டிபாளையம் பக்கம் உள்ள டிராக்கில் பழைய சின்னக் கார் ஒன்றை ஓட்டுகிறாள். அந்தக் காரிலும் பின்சீட், கதவு அட்டை, கண்ணாடி எல்லாம் போய், வெறும் கூடுதான் மிச்சம்.

"வாடா மாப்ளே!" என்று செல்வம் கவினைக் கட்டிக்கொண்டான். அக்கா மகனை எங்கள் பக்கம் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? கவின் அந்தச் சொல்லை போனில் தட்டி அர்த்தம் பார்த்திருக்கிறான். மதியம் என்னைத் தனியாக இழுத்துப் போய், வெளிறின முகத்தோடு கேட்டான்: "அம்மா, மாப்பிள்ளைன்னா கல்யாணப் பையனா? யாரு கூட? என்கிட்ட யாருமே கேக்கலையே?"

அதை நான் மதுவிடம் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று நாள் சிரித்தாள்.

கவின் தமிழில் எழுதிய செய்தியும் அவளுக்கு வாய்க்கு அவல் ஆனது. 'என் கார் நிறைய குரைக்கணும்' என்று அனுப்பியிருந்தான்.

"ஏனுங்கத்தை, இவன்ற காரு என்ன நாயாங்க? குரைக்கணும்ங்கறான்!"

"ற" எங்கே வரும், "ர" எங்கே வரும் என்று அவள் அவனுக்குப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினாள். நான் பத்து வருஷம் முயன்று விட்டுவிட்ட பாடம் அது.

அந்தப் பத்து நாளும் அவன் பட்டறையிலேயே கிடந்தான். காலையில் அரிசிம்பருப்பு சாதம், சாயங்காலம் ரோட்டுக்கடைக் காளான். உடம்பெல்லாம் அலுமினியத் தூள். மாமனும் மருமகனும் ஒருவர் பேசுவது ஒருவருக்கு முழுசாகப் புரியாமலே மணிக்கணக்கில் பேசினார்கள். கையால் அளவு காட்டினார்கள், தரையில் கோடு போட்டார்கள். அலுமினியத் தகட்டை வெட்டி, எல் எழுத்துபோல வளைத்து, நடுவில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டுக் கனத்தைக் குறைத்த பிராக்கெட்.

தகட்டின் தடிமனில் மட்டும் ஒரு பேச்சு வந்தது. செல்வம் எட்டு மில்லி தகட்டை எடுத்து வைத்தான். கவின் ஐந்து மில்லி போதும் என்றான்.

"அஞ்சு தாங்குமா மாப்ளே?"

"தாங்கும் மாமா. எட்டு நெம்ப வெயிட்." 'ரொம்ப'வுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிற அந்த 'நெம்ப'வை அவன் எப்போது பிடித்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

"செரி, உன்ற ஆசைக்குப் போட்டுறலாம்."

கவினுக்கு ஒரு ஜோடி, மதுவின் காருக்கு ஒரு ஜோடி. மதுவினுடையதற்கு செல்வம் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்தான். கவின் தன்னுடையதற்கு வேண்டாம் என்றுவிட்டான். பெயின்ட்டும் எடைதானே.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஓட்டை ஓட்டையாக இருந்த அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்து, "இது என்னதுங்கம்மா?" என்றார் அங்கிருந்தவர். "சீட்டுக்குக் கீழ வைக்கறதுங்க," என்றேன். எந்தச் சீட்டு என்று அவர் கேட்கவில்லை. "இலேசா இருக்குதுங்களே," என்று மட்டும் சொல்லிப் பெட்டிக்குள் வைத்தார். கவினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

3

பரிசோதனை நிலையத்தில் ஏப்ரல் மாதம் ஒரு வேலைநாள் காலையில்தான் நேரம் கிடைத்தது. கவினுக்கு விடுப்பு இல்லை. எனக்கு அன்றைக்கு லேபில் மதிய முறை.

"நீ எடுத்துட்டுப் போறியா, அம்மா? பிராக்கெட்டுக்குத்தான் பேப்பர் இல்ல, கேட்டா மாமா செஞ்சதுன்னு சொல்லு. மத்த பேப்பர் எல்லாம் ரெடி. கொடுத்தா போதும்."

அந்தக் காரில் ஏறி உட்காருவதே ஒரு பயிற்சி. ஓட்டுக்குள் இறங்குவதுபோல இறங்க வேண்டும். விரிப்பு இல்லாத தரையில் ஒவ்வொரு கல்லும் பட்டுத் தெறிக்கிற சத்தம். ரேடியோ இல்லை, ஹீட்டர் பாதி இல்லை. ஆனாலும் ஊருக்கு வெளியே அந்த வளைவுச் சாலையில், ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்ததுமே திரும்புகிற காரை அன்றைக்குத்தான் ஓட்டினேன். அவன் அரைமணி நேரம் விளக்கியதில் எனக்குப் புரியாமல் விட்டுப்போன பாதி அப்போது புரிந்தது.

வரவேற்பில் இருந்த பெண் ஜெர்மன் மொழியில் கேட்டாள். இந்த மொழியில் 'அப்நேமன்' என்று ஒரு சொல் உண்டு. உடம்பு இளைப்பதற்கும் அதுதான், ஒன்றைப் பரிசோதித்து ஒப்புக்கொள்வதற்கும் அதுதான். எனக்கு இளைப்பது மட்டுமே தெரியும். "இன்று எதை ஒப்புதல் செய்ய வேண்டும்?" என்று அவள் கேட்டது, "எவ்வளவு இளைக்க வேண்டும்?" என்று என் காதில் விழுந்தது.

"இதுவரைக்கும் நாற்பது கிலோ," என்றேன் பெருமையாக. "இன்னும் பத்து கிலோ குறைக்கணும் என்கிறான் என் மகன்."

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு மிகவும் பரிவோடு, "நீங்கள் இப்படியே நன்றாகத்தான் இருக்கிறீர்கள்," என்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் இருமுவதுபோல் சிரித்தார். இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் இப்படித்தான்.

பரிசோதகர் நடுவயதுக்காரர், அமைதியானவர். சக்கரம், பேட்டரி, டிக்கி மூடி எல்லாவற்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சீட்டுக்கு வந்ததும், "இந்த பிராக்கெட்டுக்குக் காகிதம்?" என்றார். "என் தம்பி செய்தது. இந்தியாவில்," என்றேன். காகிதம் இல்லாமல் ஒப்புக்கொள்ள முடியாது என்று அவர் சொல்வார், வாதாடிப் பார்க்கலாம் என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்கே வாருங்கள்," என்றார். நானும் குனிந்தேன். தகடு வளைகிற மூலையில், வெளிப்பக்கத்தில், தலைமுடி விழுந்து கிடப்பதுபோல ஒரு கோடு. விரலால் துடைத்தேன். அது முடி இல்லை.

"விரிசல். இந்த உலோகத்தை இவ்வளவு கூர்மையாக வளைத்தால் இப்படி ஆகும். பெரிய பிரேக் ஒன்று போட்டிருந்தால் சீட் பெயர்ந்திருக்கும். நீங்கள் இதை ஓட்டிக்கொண்டா வந்தீர்கள்?"

ஆமாம் என்றேன்.

"இதை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போகக் கூடாது."

கவினுக்கு போன் செய்தேன். லேபுக்கும் போன் போட்டு, இன்றைக்கு வரமுடியாது என்று சொன்னேன். கவின் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், அப்பா காரில் பழைய கம்பெனி சீட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அதுவரை நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரவேற்புப் பெண் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கவின் வந்ததும் காருக்குள் தலையை விட்டு அந்தக் கோட்டைப் பார்த்தான்.

"நான்தான் உன்னை அனுப்பினேன்," என்றான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு."

"நான்தான் அஞ்சு மில்லி கேட்டேன்." ஸ்பானரை எடுத்துச் சீட்டின் போல்ட்டில் வைத்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "அம்மா, மதுவுக்கு எப்போ ரேஸ்?"

வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை.

4

செல்வத்துக்கு நான் போன் செய்தேன். அங்கே மாலை நேரம். பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கக்கா. என்னங்க, இந்நேரத்துல?"

எப்படித் தொடங்குவது? என் தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் தாங்கமாட்டான். அது எனக்குத் தெரியும். அதனால் வெயிலைப் பற்றிக் கேட்டேன். மழை பெய்ததா என்று கேட்டேன். தேவிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேவி அவன் மனைவி. கடைசியில், "அந்த பிராக்கெட் எப்படி இருக்குது செல்வம்?" என்றேன்.

"அதுக்கென்னங்கக்கா, கல்லாட்டம் இருக்குது. மது போன வாரம்கூட பிராக்டீஸ் போனா. ஏனுங்க, மாப்ளேயோட காரு பாஸாயிருச்சா?"

"அது... கொஞ்சம் பாத்துட்டு இருக்காங்க. நீயும் எதுக்கும் ஒரு தடவை வளைஞ்ச எடத்துல பாத்துக்கிட்டா நல்லதுன்னு..."

"பாத்துட்டாப் போச்சுங்க. நீங்க கவலைப்படாதீங்க."

போனை வைத்தேன். கணவர் என்னைப் பார்த்தார். "விரிசல்ங்கற வார்த்தையே உன் வாயில வரலையே, வசந்தி," என்றார்.

வரவில்லைதான். எங்கள் ஊர்ப் பேச்சில் எதையும் நேராகப் போய் முட்டமாட்டோம். சுற்றிவந்து பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வோம். அது பண்பு என்றுதான் இத்தனை வருஷமும் இந்த நாட்டுக்காரர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பண்புதான் என்னைச் சொல்லவிடாமல் செய்தது. கறுப்புப் பெயின்ட்டுக்கு மேல் அவன் எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கோடு தெரியாது என்பதைக்கூட நான் சொல்லவில்லை.

மறுபடி கூப்பிடலாம் என்று கையில் எடுத்த போனை, மாடியிலிருந்து இறங்கி வந்த கவின் வாங்கிக்கொண்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, கவின். பிராக்கெட் ஒடஞ்சிருக்கு."

மெஷின் சத்தம் நின்றது. யாரோ அணைத்திருக்க வேண்டும்.

"என்ன மாப்ளே சொல்றே?"

"வளைச்ச எடத்துல ஒடஞ்சிருக்கு. நீங்க வளைச்சது தப்பு, மாமா. நான் அஞ்சு மில்லி கேட்டது தப்பு. பெயின்ட் எடுத்தாத்தான் தெரியும். மது அதுல உக்காரக் கூடாது. சண்டே போகக் கூடாது."

அவனிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். சுற்றிவர வேண்டிய சொற்கள் அவனிடம் இல்லை.

மறுமுனையில் செல்வம், "செரிங்க," என்றான்.

அவ்வளவுதான். எங்கள் பக்கம் 'ங்க' போடாமல் நாயைக்கூடக் கூப்பிடமாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் செல்வம் தன் மருமகனிடம் அதுவரை 'ங்க' போட்டதே இல்லை. வாடா, போடா, மாப்ளே என்றுதான். அன்றைக்கு அவன் சொன்ன 'செரிங்க'வில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. கவினுக்கு அது கேட்கவில்லை. "மாமா ஓகே சொல்லிட்டார்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

5

ஞாயிறு வந்தது, போனது. செல்வத்திடமிருந்து ஒரு சொல் இல்லை. வழக்கமாக அவன் அனுப்புகிற டிராக் போட்டோக்கள் இல்லை, தேவி அனுப்புகிற காலை வணக்கப் பூப் படம்கூட இல்லை. நான் லேபில் சோதனைக்குழாய்களை அடுக்கிக்கொண்டே, அங்கே இப்போது மணி என்ன, மது காரில் உட்கார்ந்திருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாலையில் குப்பையை வகை பிரித்துப் போடப் போன இடத்தில், கண்ணாடிப் புட்டியைக் காகிதத் தொட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மது கூப்பிட்டாள்.

"அத்தை, நான் நேத்து ரேஸ் ஓட்டலீங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவளோ அழுதுகொண்டிருந்தாள், கோபத்தில். "இந்த சீசன்ல எனக்கு நல்ல பாயிண்ட் இருந்துச்சுங்க. ஒரு ரேஸ் முழுசா போச்சு. அப்பா சீட்டைக் கழட்டிப்போட்டாரு. வேற பிராக்கெட் செய்யறதுக்கும் நேரமில்ல. கவின்கிட்டச் சொல்லுங்க, நான் அவன்கூடப் பேசமாட்டேன்."

"சொல்றேன் அம்மணி. அப்பா என்ன பண்ணினாரு?"

அவள் சொன்னாள். போன் வைத்த பிறகு செல்வம் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. பிராக்கெட்டைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டினான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு, உலோகம் வார்க்கிற பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போயிருக்கிறான். அங்கே சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளிருந்து கசிந்து கோடாக எழும்பும். ஒரு பிராக்கெட்டில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றில் மூலை நெடுகச் சிவப்பாக எழும்பியது.

"அதைப் பாத்துட்டு அப்பா அங்கயே படியில உக்காந்துட்டாராங்க. அந்த சிநேகிதருதான் வண்டியில கொண்டாந்து ஊட்டுல உட்டாரு."

கவின் என் பின்னால் நின்று ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மது பேசமாட்டேன் என்றது அவனுக்கு வலித்திருக்க வேண்டும். மாடிக்குப் போனான். அன்றிரவு சமையலறைத் தராசைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தான். காரில் இப்போது கம்பெனி சீட் இருக்கிறது. அதன் மோட்டாரும் இரும்பும் அப்படியே இருக்கின்றன. பரிசோதனை நிலையம் மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டது.

6

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். கணவர் வரவில்லை. கவினை நான் கூப்பிடவில்லை. அவனே டிக்கெட் போட்டுக்கொண்டான்.

விமான நிலையத்தில் செல்வம் நின்றிருந்தான். இளைத்திருந்தான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கக்கா," என்றான். கவினைப் பார்த்து, "வாங்க," என்றான். காரில் வரும்போது மூன்று பேரும் காற்று நன்றாக அடிக்கிறது என்பதைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் காலை கவின் வீட்டில் இல்லை. பட்டறைக்குப் போய்விட்டான் என்றாள் தேவி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நானும் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் உள்ளே சத்தம் பலமாக இருந்தது.

"மாமா, அப்படி வளைக்கக் கூடாது!"

"நான் வளைக்கறேன்னு யாருடா சொன்னா? முழுக் கட்டையில கடைஞ்செடுக்கறதுன்னு சொல்லிட்டு இருக்கறேன், நீ பாட்டுக்கு வளைக்காதே வளைக்காதேன்னு... காதுல பஞ்சா வெச்சிருக்கறே?"

'டா' திரும்பி வந்திருந்தது. நான் உள்ளே போனேன். செல்வம் என்னைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு எனக்கு ஆத்திரமுங்கக்கா. இவ்வளவு நாள் தொழில் பண்றேன், நேத்துப் பொறந்தவன் தப்புன்னு சொல்லிப்போட்டானேன்னு. சாப்பாடு எறங்கலீங்க."

"நான் முன்னாலயே கூப்பிட்டேனே செல்வம். சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தெரியுமுங்க. நீங்க தேவி முட்டியைப் பத்திக் கேட்டீங்க." சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய், கீழே பார்த்தபடி சொன்னான்: "நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்லீங்கக்கா. அவன் சொன்னதுதான் கேட்டுச்சு. இல்லீன்னா அந்த ஞாயித்துக்கெழமை புள்ளைய உக்கார வெச்சு நானே கதவைச் சாத்தி அனுப்பியிருப்பேன்."

அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருந்த நாட்களிலேயே மதுவுக்கு ஒரு ரேஸ் வந்தது. புது பிராக்கெட் முழு அலுமினியக் கட்டையில் கடைந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு கனம். காலையில் டிராக்குக்குள் மயில் ஒன்று நடந்துபோய், அதைத் துரத்தும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். தூறல் வேறு. கவின் பத்தடி தள்ளியே நின்றான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மது அவனிடம் வந்தாள். ஊருக்கு வந்து அத்தனை நாளும் அவள் அவனிடம் பேசியிருக்கவில்லை.

"சீட்டுக்கு அடியில நீயும் ஒருக்காப் பாத்துப்போடு," என்றாள்.

அவன் ஈரத்தரையில் படுத்து, டார்ச் அடித்து, நாலு மூலையும் பார்த்தான். எழுந்து, "போலாம்," என்றான். அவள் போனாள். ஐந்தாவதாக வந்தாள். முதல் மூன்றில் வராததற்குக் கனத்தைத்தான் குறை சொன்னாள். மாமனும் மருமகனும் வாயைத் திறக்கவில்லை.

நான் கிளம்பும் நாள் வந்தபோது கவின், "அம்மா, நான் இன்னும் ரெண்டு வாரம் இருக்கேன்," என்றான். ஆபீசில் கேட்டுவிட்டானாம். மதுவின் காருக்கு வேறென்ன எடை குறைக்கலாம் என்று பார்க்க வேண்டுமாம். பத்திரமாகக் குறைக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றனவாம். அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றான்.

அவனும் செல்வமும் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனதும் திரும்பிக் கையாட்டினேன். இரண்டு பேரும் வெளியே நின்றிருந்தார்கள். கவின் ஏதோ சொல்ல, செல்வம் இல்லையில்லை என்று தலையை ஆட்டி, அவன் உள்ளங்கையை இழுத்து அதில் விரலால் எதையோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். நான் இன்னொரு தடவை கையாட்டினேன். அவர்கள் பேசிக்கொண்டே கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்து போனார்கள்.

பின்னால் வந்தவர், "முன்னால போங்கம்மா," என்றார். போனேன்.